ரோஸ் மூடி

வெல்டர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் கதவின் நடுத்தட்டில் கண் மருந்துதான் இருக்கும். மேல் தட்டில் முட்டை, கீழ்த்தட்டில் தண்ணீர் பாட்டில், நடுவில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன பாட்டில்கள், எல்லாவற்றுக்கும் ரோஸ் நிறத்தில் மூடி. மருந்துக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தது. அதை யாரும் சொன்னதில்லை. ரோஸ் மூடி என்றால் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும்.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். நான் தையல்காரி. ஜன்னலோரம் மெஷினைப் போட்டிருக்கிறேன். தெருவைத் தாண்டினால் எதிரே அவர்களுடைய பட்டறை. மேலே தகரம், மூன்று பக்கமும் தகரம், முன்பக்கம் திறந்த வாய். வெயில் காலத்தில் அதற்குள் நின்றால் அடுப்புக்குள் நிற்பது போலத்தான். மழை வந்தால் கூரையிலிருந்து ஒழுகும், வெல்டிங் மெஷினுக்குக் குடை பிடிப்பார்கள், மனுஷர்கள் நனைவார்கள்.

பட்டறையில் மூன்று பேர். வெல்டர், அவர் மனைவி, அவளுடைய தம்பி. தம்பிக்குத் தெரு வைத்த பெயர் அவசரம். சோற்றைப் பிசைந்துகொண்டே கை கழுவ எழுந்துவிடுகிற ஆள். வெல்டரும் அவனும் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்வார்கள். சாணை பிடித்து முடித்த கேட்டுக்கு அவள் செங்காவி நிறத்தில் துருவைத் தடுக்கிற பிரைமர் அடிப்பாள். எவ்வளவு மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தாலும் அவள் நகக்கண்ணில் அந்தச் சிவப்பு போகாது.

கேட் செய்வதில் பெரிய வெல்டிங்குக்கு ஆகிற நேரம் கொஞ்சம்தான். கம்பியை நிறுத்தி, மட்டம் பார்த்து, அது நகராமல் இருக்க அங்கங்கே ஒரு பொட்டு வைத்துப் பிடிப்பார்கள். அதுதான் நாள் முழுக்க. இடது கை கம்பியைப் பிடித்திருக்கும், வலது கையில் வெல்டிங் குச்சி மாட்டிய ஹோல்டர். முகத்துக்கு மறைப்புக் கண்ணாடியைப் பிடிக்க இன்னொரு கைக்கு எங்கே போவது? தலையில் மாட்டுகிற மறைப்பும் பட்டறையில் ஒன்று தொங்கியது. அதை இறக்கினால் கம்பி இருக்கிற இடம் தெரியாது. ஒவ்வொரு பொட்டுக்கும் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, ஒரு கேட்டில் கழுத்தே போய்விடும் என்பார் வெல்டர். அதனால் என்ன செய்வார்கள் என்றால், இடத்தைக் குறி பார்த்துவிட்டு, கண்ணை இறுக்க மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டு பொட்டு வைப்பார்கள். தப்பாமல் அங்கேயே விழும். நானே எத்தனையோ தடவை ஜன்னல் வழியாகப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன்.

சில சமயம் கண்ணை மூடுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே வெளிச்சம் அடித்துவிடும். பட்டறையில் அதற்கு 'ஆர்க் அடிச்சிருச்சு' என்பார்கள். அடிக்கிறபோது ஒன்றும் தெரியாது. சாயந்தரம் கை கால் கழுவி உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிக்கும். கண்ணுக்குள் மணலைக் கொட்டி அதன் மேல் மிளகாய்த்தூளைத் தூவியது போல எரியும், தண்ணீராக ஊற்றும், இமையைப் பிரிக்க முடியாது. வெல்டர் சுவரில் தலையை முட்டிக்கொள்வார். எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை கண் ரொம்பச் சிவந்துபோய் ஒரு டாக்டரிடம் காட்டினார். அவர் எழுதிக்கொடுத்ததுதான் அந்த ரோஸ் மூடி. ஒரு வாரம் போடுங்கள், பிறகு வந்து காட்டுங்கள் என்று சொன்னாராம். இரண்டாம் நாளே கண் பளிச்சென்று ஆனது. பளிச்சென்று ஆன கண்ணை எதற்குக் கொண்டுபோய்க் காட்டுவது? காலிப் பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அடுத்த தடவை ஆர்க் அடித்தபோது அந்தப் பெட்டியைக் காட்டி வாங்கினார்கள். அதற்கு அடுத்த தடவை பெட்டி தேவைப்படவில்லை.

ஊற்றிவிடுவது அவள்தான். பாயில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொள்வாள்.

"கண்ணைத் திறங்க."

"திறந்துதானே இருக்கேன்."

"இதுக்குப் பேரு திறக்கறதா? உண்டியல்கூட இதைவிடப் பெரிசாத் திறந்திருக்கும்."

"மெதுவாடி. போன தடவ மூக்குல ஊத்திட்ட."

"உங்க மூக்கு அவ்வளவு பெரிசா இருந்தா நான் என்ன பண்றது?"

பிறகு "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு சுவரைத் தாண்டி வரும். அதைக் கேட்டால் எனக்கே உடம்பு லேசாகும். நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிற மனுஷன் பொண்டாட்டி மடியில் குழந்தை மாதிரித் தூங்கிப்போவார். அவசரத்துக்கும் அவள்தான் ஊற்றிவிடுவாள். கொஞ்ச நாளில் வலி இருந்தால்தான் என்று இல்லாமல், முன்னெச்சரிக்கையாக, வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு சொட்டு என்று ஆகிவிட்டது. டீ குடிப்பது போல அதுவும் ஒரு பழக்கம்.

வெல்டர் இடித்துக்கொள்ள ஆரம்பித்தது எப்போது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வாசல் நிலையில் தோளை இடிப்பார். டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றுவார். தரையில் கிடக்கிற ஒயரில் தடுக்கி விழுவார். ஆனால் எதிரே ஒரு கம்பியை நீட்டினால் தூரத்திலிருந்தே அதன் கனம் எத்தனை மில்லி என்று சொல்லுவார், அளந்து பார்த்தால் அதேதான் இருக்கும். அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் கோளாறு என்று யார் நினைப்பார்கள்? அவள் கிண்டல்தான் பண்ணினாள்.

"நடக்கும்போது நினைப்பு எங்க இருக்கு? என்ன, ரெண்டாவது குடித்தனம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணுக்கே முழி பிதுங்குது."

ஒரு நாள் தெருவைத் தாண்டும்போது பக்கவாட்டில் வந்த மோட்டார் சைக்கிள் அவரைத் தள்ளிவிட்டது. ஓட்டி வந்தவன் மேல்தான் தப்பு என்று நாங்கள் எல்லோரும் அவனைப் பிடித்துத் திட்டினோம். 'ஹாரன் அடிச்சேன், என் பக்கம் பாத்துக்கிட்டேதான் குறுக்க வந்தாரு' என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். அவன் சொன்னது உண்மை என்று இப்போது தெரிகிறது. பார்த்தாலும் அவருக்கு எங்கே தெரிந்திருக்கும்?

அதற்கப்புறம்தான் கண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. தெருவில் கண் டாக்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளெழுத்து என்றாள் மாடி வீட்டுக்காரி. கண்ணாடிக் கடையில் மெஷின் வைத்துப் பார்த்து ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். போட்டுக்கொண்டும் இடித்துக்கொண்டார். தெருவிளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்று அவர் சொன்னதும், புரைதான், சந்தேகமே இல்லை என்று நான் சொன்னேன். என் மாமியாருக்கு அப்படித்தான் இருந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர் முதல் வேலையாக உத்தரத்தைப் பார்த்து, 'இவ்வளவு ஒட்டடையோடதான் என்னைக் குடும்பம் நடத்த வெச்சியா' என்று என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினார். இதைச் சொன்னதும் வெல்டர் மனைவி சிரித்தாள்.

"அப்போ ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்டைத் துடைச்சு வெச்சிரணும்க்கா. இல்லைன்னா இவர் வாயில யாரு விழறது?"

கண் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அவசரம் வரவில்லை. ஒரு வீட்டுக்கு மாடிப்படிக் கம்பி ஒத்துக்கொண்டிருந்தான். ஏதோ வெளியூர் போகிற மாதிரி மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு போனோம். அவள் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு வந்தாள். சூட்டில் கெட்டுப்போகக் கூடாது என்று ரோஸ் மூடி ஒன்றை ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தாள்.

நீளமான நடை. இரண்டு பக்கமும் பெஞ்சு. கண் பாப்பாவைப் பெரிதாக்குகிற மருந்தை ஊற்றிவிட்டுக் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். வரிசையாக அத்தனை பேரும் கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு இருந்தார்கள். ஒருவர் கையில் இன்னொருவர் சீட்டு இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. நர்ஸ் மாதிரி வெள்ளை உடையில் ஒரு பெண் வந்து வெல்டர் கண்ணில் ஏதோ வைத்து அழுத்தம் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி பார்த்தாள். வேறு ஒருத்தியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னாள். வெல்டர் மனைவி பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் முட்டையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு இருட்டறை. அங்கே பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கிற புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றி எங்காவது சின்ன வெளிச்சம் வந்தால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணாகப் பார்த்தார்கள். கதவு திறந்திருந்ததால் எங்களுக்கும் தெரிந்தது. வெல்டர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேலையில் கவனம் என்றால் அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மெஷின் 'டிக் டிக்' என்று ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கட்டைவிரல் பட்டன் மேல் தயாராக இருந்தது. அழுத்தவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவரே பேசினார்.

"தம்பி, மிஷின் ரிப்பேரு போல இருக்கு. லைட்டே வரலை."

மெஷின் ஓட்டுகிற பையன் திரையை ஒரு தடவை பார்த்தான். பிறகு மெதுவாக, "பரவாயில்லைங்க, நீங்க புள்ளியையே பாருங்க" என்றான்.

"ஒயரு எங்கயாவது விட்டுப் போயிருக்கும். வேணும்னா நான் பாக்கறேன்."

அவள் என் கையைப் பிடித்தாள்.

டாக்டர் ஒரு அம்மாள். அதிகம் பேசாதவர். வெல்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். மெஷின் கொடுத்த படத்தையும் பார்த்தார். படத்தில் வட்டம் முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு பொட்டு அளவுக்கு வெள்ளை.

"கண்ணுக்கு ஏதாவது மருந்து போடறீங்களா?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல அவள் பையைத் திறந்தாள். ஈரத்துணியைப் பிரித்து ரோஸ் மூடியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளை முகம் மாதிரி அவள் முகம் இருந்தது.

"இதைத்தான் டாக்டர் போடறோம். ஒரு நாள் விட்டதில்லை. நானே ஊத்திடுவேன், சுத்தமாக் கையைக் கழுவிட்டுத்தான். ஃபிரிட்ஜுலதான் வெப்பேன்."

டாக்டர் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு எழுதிக் குடுத்தது?"

"முன்னாடி ஒரு டாக்டரு."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஒரு வாரம்னு சொன்னாரு. நல்லாக் கேட்டுச்சு, அதனால நாங்களே வாங்கிக்கிட்டோம்."

"எத்தனை வருஷமா?"

அவள் வெல்டரைப் பார்த்தாள். வெல்டர் அவள் முகத்தை மட்டும் நேராகப் பார்த்தார். அவருக்கு மற்ற எதுவும் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அது... எங்க பெரிய பொண்ணு ஸ்கூல் போக ஆரம்பிச்ச வருஷம். இப்போ அவ வேலைக்கே போயிட்டா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். அவர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஒரு வடிகால் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். இந்த மருந்து சிவப்பையும் வலியையும் அடக்கும், ஆனால் அளவு மீறினால் சிலருக்கு அந்த வடிகாலை அடைத்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறும். பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கும். ஓரத்திலிருந்து தின்றுகொண்டு நடுவுக்கு வரும். வலிக்காது. அதனால் யாருக்கும் தெரியாது.

"சரி டாக்டர். ஆபரேஷன் எப்போ?"

"முதல்ல வேற சொட்டு மருந்து தரேன். அழுத்தம் குறையலைன்னா ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம்."

"பண்ணினா பளிச்சுன்னு ஆயிடும் இல்ல?"

"இல்லைம்மா. போனது வராது. இருக்கறதைக் காப்பாத்தத்தான் ஆபரேஷன்."

"புரைதானே டாக்டர்?"

"லேசாப் புரையும் இருக்கு. அது பெரிய விஷயம் இல்லை. இது கண்ணுல நீர் அழுத்தம்."

"புரைதான்னு சொன்னாங்களே... அக்கா, நீங்கதானே சொன்னீங்க. டாக்டர், நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. புரைன்னு சொல்லிருங்க டாக்டர்."

ஆஸ்பத்திரியில் வியாதி வேண்டாம் என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வியாதியைக் கொடு என்று கெஞ்சியவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெல்டர்தான் கேட்டார்.

"ஆர்க் அடிச்சா வேற என்னங்க பண்றது? உயிர் போவுதே."

"கண்ணை மூடி ஓய்வா இருக்கணும். ஈரத்துணி போடலாம். புண்ணு ஆழமா இருந்தா நாங்க வேற மருந்து தருவோம். பெரும்பாலும் ஒரு நாள், ரெண்டு நாள்ல தானாவே ஆறிடும்."

"தானாவா?"

"தானாவே."

டாக்டர் மஞ்சள் மூடி போட்ட மருந்து ஒன்றும் இன்னொன்றும் எழுதினார். ஏணி ஏறக் கூடாது, சாணை மெஷின் பக்கம் போகக் கூடாது என்றார். இந்த ரோஸ் மூடியை வேறு யாராவது போட்டால் அவர்களைக் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார். அப்போது அவள் அழுகையை நிறுத்தி நிமிர்ந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரே பெயர்தான் ஞாபகம் வந்தது, அவசரம்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் இருந்த அத்தனையையும் எடுத்து மூடியைத் திருகித் திருகிச் சாக்கடையில் ஊற்றினாள். கழுத்தை நெரிப்பது போலத் திருகினாள். அந்த ஆத்திரம் தீர்ந்ததும் கையில் வேலை இல்லாமல் போய்விட்டது. மஞ்சள் மூடியை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். அவர் தலையை மடியில் வைத்தார். அவள் பாட்டிலை என் பக்கம் நீட்டினாள்.

"என்னால முடியாதுங்க. அக்கா, நீங்க ஊத்துங்க."

"அவங்க எதுக்கு? நீ ஊத்து."

"இந்தக் கை வேண்டாங்க. கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறதுன்னு சொல்வாங்க. நான் கண்ணையே... திட்டுங்களேன். ஒரு வார்த்தை திட்டுங்களேன்."

"திட்டி?"

"எனக்கு ஆறும்."

"உனக்கு ஆறும். எனக்கு?" என்றார் வெல்டர். கோபமே இல்லாமல் கேட்டார், அதுதான் கொடுமை. "ஊத்துடி. எரிஞ்சாப் பரவாயில்லை."

ஊற்றினாள். எரிந்தது போலிருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டார். "பழசு ஜில்லுனு இருக்கும்" என்று மட்டும் சொன்னார். பிறகு யாரிடமோ சொல்வது போல, "தானாவே ஆறிடுமாம்" என்றார். அந்த வாரம் முழுக்க அதை எத்தனை தடவை சொன்னாரோ. சுவரைத் தாண்டி எனக்கு அது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. 'அப்பாடா' நின்றுபோனது.

அவர் பட்டறைக்குப் போகாமல் இருக்கவில்லை. நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தார். ஒரு கம்பியை அவருக்கு நேரே நீட்டினால் இன்னமும் மில்லி சொன்னார். அவசரம் வேலை பார்த்தான். அவள் பிரைமர் அடிக்கிற பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே சுற்றினாள்.

"ஒரு நாள் வாடா. காட்டிட்டு வந்துரலாம்."

"மாடிப்படி முடியட்டும்."

"மாடிப்படி முடிஞ்சா ஜன்னல்னு சொல்லுவ."

"அக்கா, எனக்கு நல்லாத் தெரியுது. அந்தக் கம்பத்துல உக்காந்திருக்கற காக்கா தெரியுது. மாமாவுக்கு உடம்பு அப்படி. எல்லாருக்குமா ஆகும்? டாக்டரே சிலருக்குன்னுதானே சொன்னாங்க."

"அந்தச் சிலர்ல நீ இருந்தா?"

"ரெண்டு பேரு வேலையை ஒருத்தன் பாக்கறேன். ஒரு நாள் பூட்டினா வேலை குடுத்தவன் வேற பட்டறைக்குப் போயிருவான். அப்புறம் மாமாவோட சேந்து நானும் நாற்காலி போட்டு உக்கார வேண்டியதுதான்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மறைப்பையாவது மாட்டுடா என்று தலையில் கவிழ்த்துவிட்டுப் போனாள். அவள் திரும்பியதும் அவன் அதைக் கழற்றி ஆணியில் மாட்டியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மருந்துக்கடைக்காரரிடமும் போனாள். இனிமேல் என் தம்பிக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்று கேட்டாள். அவர் நல்ல மனுஷன்தான், காய்ச்சல் என்றால் விசாரிப்பார். 'நான் குடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்குவாம்மா. அவனை நீ கட்டிப் போடணும், கடையை இல்லை' என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். அழுவதற்குப் பதில் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல், பெருமழை பிடித்துக்கொண்டது. நான் வெல்டர் வீட்டில்தான் இருந்தேன். அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கப் போனவள் மழைக்கு அங்கேயே நின்றுவிட்டேன். அவசரம் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தான். முந்தின ராத்திரி விடிய விடிய மாடிப்படிக்குப் பொட்டு வைத்திருக்கிறான். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. கன்னம் முழுக்கத் தண்ணீர், மழையா கண்ணா என்று தெரியவில்லை.

"அக்கா, ரோஸ் மூடி எங்க?"

"கொட்டிட்டேன்."

"பொய் சொல்லாதக்கா. உயிர் போவுது."

"சத்தியமா இல்லை. ஈரத்துணி போடறேன் வா. தானா ஆறிடும்டா."

பாயில் படுக்கவைத்தாள். துணியை நனைத்து நனைத்துப் போட்டாள். அவன் குதிகாலால் தரையை உதைத்தான். வெல்டர் நாற்காலியில் உட்கார்ந்து சத்தம் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பித் திருப்பி அவனைத் தேடினார். கொஞ்ச நேரத்தில் அவன் தன் பாக்கெட்டைத் தடவி ஒரு பாட்டிலை எடுத்தான். ரோஸ் மூடி.

"நான் வாங்கி வெச்சிருக்கேன். பிரிச்சு ஊத்த முடியலை, கண்ணு திறக்க மாட்டேங்குது. நீயே ஊத்திவிடு."

"மாட்டேன்."

"கடைசித் தடவைக்கா."

"மாட்டேன்டா. என் கையால மாட்டேன்."

"இத்தனை நாள் ஊத்தினியே!"

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவனே மூடியைக் கடித்துத் திறந்து, ஒரு கையால் இமையைப் பிரித்து ஊற்றிக்கொண்டான். பாதி கன்னத்தில் வழிந்தது, பாதி உள்ளே போனது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பிடுங்கி எறிந்திருக்கலாம். வலியில் துடிக்கிறவன் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவது?

மழை விடுவதற்குள் வலி அடங்கிவிட்டது.

"அப்பாடா" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியா? பளிச்சுன்னு இருக்கு. இதைப் போய் விஷம்ங்கற."

வெல்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"மாப்ள, இங்க வா. என் எதிர்ல உக்காரு. சும்மா ஒரு விளையாட்டு."

"வேலை கிடக்குது மாமா."

"ஒரு நிமிஷம். வலது கண்ணைக் கையால பொத்திக்க. மத்தக் கண்ணால என் மூக்கையே பாக்கணும், வேற எங்கயும் பாக்கக் கூடாது. நான் பக்கத்துல கையை ஆட்டுவேன். தெரிஞ்சா சொல்லு."

அவசரம் சிரித்துக்கொண்டே கண்ணைப் பொத்தினான். "மூக்கைப் பாக்கறதுல ஒண்ணும் கஷ்டம் இல்லை மாமா. அக்கா சொல்ற மாதிரி நல்லாப் பெரிசாத்தான் இருக்கு."

வெல்டர் கையை நீட்டினார். அவன் இடது காதுக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, விரலை விரித்து ஆட்டினார். தெருவில் போகிறவரைக் கூப்பிடுவது போல நன்றாகவே ஆட்டினார். அவசரம் மூக்கையே பார்த்துக்கொண்டு இருந்தான். வெல்டர் கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து ஆட்டினார். இன்னும் கொஞ்சம் முன்னால். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ம், ஆரம்பிங்க மாமா" என்றான் அவசரம். "எனக்கு வேலை இருக்கு."

வெல்டரின் கை நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு, தன் கையே தெரியவில்லை. கண்ணை எடுக்காமல் எங்களிடம் கேட்டார்.

"நான் ஆட்டிக்கிட்டுதானே இருக்கேன்?"